கடைசி வரிசையில் உட்கார்ந்த தணிகாசலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உரக்கடை மாடியில் கூடும் எங்கள் மர்மப்பட வட்டம், பழுப்பு நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் வழக்கறிஞர் லோகநாதன். வழிமொழிந்தவர் நசீர் பாய். விவாதம் மாலை முழுவதும் நடந்தது. மாற்றுவதா வேண்டாமா என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. முதல் வரிசையில் நடுவிலா, ஓரத்திலா என்பதில்தான் இருந்தது. நடுவில் என்று முடிவாயிற்று. அன்று நாட்டில் வேறு முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்கலாம். எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் தணிகாசலம். இந்த ஊர் உப்பளங்களில் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தவர். இப்போது இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கலாம். அவர் ஆட்சேபிக்க மாட்டார். படத்தின் முடிவை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. அது அவர் போட்ட விதி.

நசீர் பாய் போனில் அழைத்தபோது நான் காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், தணிகாசலம் அண்ணன் தவறிட்டாரு" என்றார். "எந்தத் தணிகாசலம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தணிகாசலம்தான். நசீர் பாயும் அதை எடுத்துச் சொல்லாமல், "நம்ம தணிகாசலம்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். நான் கையிலிருந்த வெண்டைக்காய்களை எடை போடச் சொல்லி, பையில் வாங்கிக்கொண்டு, பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உப்பளத்துக் கொட்டகையில் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்திருக்கிறார். லாரி வந்து நின்றிருக்கிறது. மூட்டை ஏற்றலாமா என்று கேட்க வந்த உப்பளத் தொழிலாளி அஞ்சலை, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அண்ணன் கண் அசந்திருக்கிறார் என்று திரும்பிப் போய்விட்டார். எல்லா மூட்டையும் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரிக்காரர் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் தெரிந்தது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த நேரம். சுற்றிலும் ஆட்கள். அதற்கு முன் எதுவும் நடக்கவில்லை. அவரைப் போன்ற ஒரு ரசிகருக்கு இதைவிட அலட்சியமான ஒரு காட்சியை யாராலும் எழுத முடியாது. நான்கு நாள் முன்புதான் என் கையில் தேநீர்த் தம்ளரைக் கொடுத்து, "சூடு, பாத்துப் புடிங்க" என்று சொல்லியிருந்தார்.

எங்கள் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் பார்ப்போம். அதிலும் ஒரு வகைதான். கொலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஒரு மனிதனின் மனத்துக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கோணிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். செல்போன் கடை வைத்திருக்கும் நசீர் பாய் புரொஜெக்டரைக் கொண்டுவருவார். லோகநாதன் வசனங்களைத் தமிழில் சொல்வார். நீதிமன்றப் பழக்கத்தால் காதல் வசனத்தையும் வாக்குமூலம் மாதிரியே சொல்வார். எங்களில் பலருக்கு அந்த நடிகைகள் எல்லோரும் திண்டிவனம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்களாகவே மனத்தில் பதிந்திருக்கிறார்கள்.

முதன்முதலில் போட்ட படத்தின் குறுந்தகடு கடைசிப் பத்து நிமிடத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு வாரம் முழுவதும் நாங்கள் முடிவைப் பற்றிச் சண்டை போட்டோம். உரக்கடைக்காரர், மூட்டை தூக்குபவர் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை நல்ல பிரதி வந்தது, பார்த்தோம். நாங்கள் யோசித்த எல்லா முடிவுகளையும்விட அந்த முடிவு மட்டமாக இருந்தது. அன்று தணிகாசலம் எழுந்து, "இனிமே எந்தப் படமா இருந்தாலும் கடைசிப் பத்து நிமிஷத்துல நிறுத்திடுவோம். மிச்சம் அடுத்த சனிக்கிழமை" என்றார். அதுவே வழக்கமாயிற்று. நிறுத்தியதும் தேநீர். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் முடிவைச் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் போனில் தேடிப் பார்க்கக் கூடாது.

கதவைச் சாத்திக்கொண்டு ஆம்பளைகள் படம் பார்க்கிறார்கள் என்று யாரோ புகார் சொல்லி, ஒரு சனிக்கிழமை மாலை போலீஸ்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். திரையில் ஒரு கிழவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் சந்தேகத்தோடு நின்று பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பிறகு உட்கார்ந்தார். நிறுத்தியபோது, "ஏன் நிறுத்திட்டீங்க? அந்தக் கெழவி யாரு?" என்றார். "அடுத்த வாரம் வாங்க சார்" என்றார் தணிகாசலம். "இது சட்டப்படி தப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த சனிக்கிழமை லுங்கி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். லோகநாதனும் ஒரு முறை கேட்டார். அவர் புதிய படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதல் காட்சியிலேயே கத்தி, ரத்தம். தணிகாசலம் அரை மணியில் தூங்கிவிட்டார். "ஏண்ணே, இது பயமா இல்லையா?" என்று லோகநாதன் எழுப்பினார். "ரத்தம் பாக்கணும்னா மீன் மார்க்கெட்டுக்குப் போவேன்ல?" என்று சொல்லிவிட்டு, காலையில் உப்பளத்துக்கு வரச் சொன்னார். நாங்கள் போனோம். சித்திரை மாதம். வானம் வெள்ளையாக இருந்தது. பெண்கள் வரப்பு ஓரமாக உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. லோகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திடீரென்று அந்தப் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே எதுவும் இல்லை. காற்று மட்டும் திசை மாறியிருந்தது.

"என்ன ஆச்சு அண்ணே?" என்றார் லோகநாதன். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் எல்லாரும் பாக்கறாங்க?"

"மழ வந்தா இத்தன நாள் வெளஞ்சது மொத்தமும் கரைஞ்சிடும். வராமயும் போவலாம். இப்ப உனக்கு எப்படி இருக்குது?"

"கண்ண அந்தப் பக்கத்துலேருந்து எடுக்க முடியல அண்ணே."

"அதாம்பா படம்" என்றார் தணிகாசலம்.

மழை வரவில்லை. பெண்கள் மறுபடியும் குனிந்து வாரத் தொடங்கினார்கள். நான் படித்த எந்தத் திரைப்பட விமர்சனத்திலும் இவ்வளவு தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. லோகநாதன் அதன்பிறகு கத்திப் படங்களைக் கொண்டுவரவில்லை.

முடிவைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வருபவர்களைக் கண்டுபிடிக்கவும் தணிகாசலம் ஒரு வழி வைத்திருந்தார். "தெரியாதவன் முன்னாடி சாஞ்சு உக்காருவான். தெரிஞ்சவன் பின்னாடி சாஞ்சிடுவான். மூஞ்சியப் பாக்காதீங்க, முதுகப் பாருங்க" என்பார். அந்த வழியில் முதலில் பிடிபட்டவர் நசீர் பாய். "படம் ஓடுதான்னு செக் பண்ண வேணாமா?" என்று அவர் வாதாடியது ஏற்கப்படவில்லை. தண்டனை என்னவென்றால், குற்றவாளி கடைசி வரிசையில் ஜன்னலோரம் தனியாக உட்கார வேண்டும்; முடிவு சொல்லும் உரிமை கிடையாது; எல்லோருக்கும் தேநீர் கொண்டுவர வேண்டும். அது முதல் நசீர் பாய் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் படத்தைச் சோதித்து வருகிறார்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு தணிகாசலத்தின் முதுகே பின்னால் சாய ஆரம்பித்தது. எப்போதும் முழங்காலில் கையை ஊன்றி, முன் நாற்காலிக்காரரின் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு படம் பார்ப்பவர் அவர். இப்போது சிம்மாசனத்தில் அமர்ந்த மாதிரி சாய்ந்திருந்தார். வழக்குத் தொடுத்தவர் லோகநாதன்.

"அண்ணே, நேராவே கேக்கறேன். முடிவைப் பாத்துட்டு வர்றீங்களா?"

"ஏம்பா, கோர்ட்டுல கேக்கறத இங்க வந்து கேக்கற?"

"கோர்ட்டுல எவன் உண்மையச் சொல்றான்? இங்கயாவது சொல்லுங்க. வாராவாரம் சாஞ்சே உக்காந்திருக்கீங்க. முதுகப் பாருங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"விடுப்பா, அண்ணனுக்கு முதுகு வலியா இருக்கும்" என்றார் நசீர் பாய்.

"முதுகு வலியா அண்ணே? சொல்லுங்க, கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்."

தணிகாசலம் எங்களை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வலியெல்லாம் இல்லப்பா. பாத்துட்டேன். என்ன தண்டனையோ குடு" என்றார்.

கைதட்டினோம். தன் அனுபவத்தில் ஒருவர் இவ்வளவு சுலபமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது இதுவே முதல் முறை என்று லோகநாதன் பாராட்டினார். தணிகாசலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். அடுத்த வாரம் கேட்டபோதும், "இதையும் பாத்துட்டேன்" என்றார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. திருந்தாத குற்றவாளி என்று பெயர் வாங்கினார்.

தேநீரும் அவரே கொண்டுவந்தார். உரக்கடைப் படிக்கட்டு செங்குத்தானது. படம் தொடங்குவதற்கு முன் நாங்கள் மேலே உட்கார்ந்திருப்போம். கீழே காலடிச் சத்தம் கேட்கும். மெல்ல ஏறி வரும். பாதியில் நின்றுவிடும். நீண்ட அமைதி. பிறகு மறுபடியும் ஓர் அடி. எங்களுக்கு மயிர் சிலிர்க்கும். "பாத்தீங்களா, சஸ்பென்ஸ் ஏத்தறாரு மனுஷன்" என்பார் லோகநாதன். ஒரு முறை நசீர் பாய் அந்த நேரம் பார்த்துப் பொருத்தமான வயலின் இசை ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டார். கதவைத் திறந்துகொண்டு வந்த தணிகாசலத்தின் முகம் வியர்த்திருந்தது. பேச முடியாமல் சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "நல்லா இருக்குது பாய். அடுத்த வாரமும் போடு" என்றார். பிளாஸ்கில் தேநீர் எப்போதும் பாதிதான் இருக்கும். ஆளுக்கு அரைத் தம்ளர். உப்பளம் வைத்திருப்பவருக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று பேசிக்கொண்டோம்.

அவர் கடைசியாகப் பார்த்தது ஒரு வங்கிக் குமாஸ்தாவின் கதை. வெளியூர் போய்த் திரும்பி வருகிறான். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோரும், "உன் தங்கச்சி எப்படி இருக்கா?" என்று விசாரிக்கிறார்கள். அவனுக்குத் தங்கை கிடையாது. முதலில் கோபப்படுகிறான். பிறகு சிரிக்கிறான். பிறகு, "பரவாயில்லை, இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது" என்று பதில் சொல்லத் தொடங்குகிறான். ஒரு நாள் அவளுக்காகப் பழம் வாங்கிக்கொண்டு, அவள் இருப்பதாக எல்லோரும் சொல்லும் மாடி அறைக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம். அங்கே நிறுத்தினோம். கீழே சென்னைப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. போலீஸ்காரர் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். ஆளுக்கொரு முடிவு சொன்னோம். தணிகாசலத்துக்கு அந்த உரிமை இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். புதன்கிழமை இறந்துபோனார். மிச்சத்தை நாங்கள் போடவில்லை.

காரியத்தன்று சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி சரோஜா அண்ணி எங்களிடம் வந்தார். ஒரு நாளும் மாடிக்கு வராதவர். என்ன ஆறுதல் சொல்வதென்று நாங்கள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில் அவர் கேட்டார்:

"அந்தக் கதவைத் தொறந்தது யாரு?"

எங்களுக்குப் புரியவில்லை.

"தங்கச்சி கதைதான். பழம் வாங்கினு போயி கதவைத் தட்டறானே. சனிக்கிழமை வந்ததும் கதை மொத்தமும் எங்கிட்ட சொல்லிடுவாரு. மிச்சத்த அடுத்த வாரம் சொல்லுவாரு. இத சொல்லாமயே போயிட்டாரு."

"உங்ககிட்ட முடிவைச் சொல்லலையா அண்ணி?" என்றார் லோகநாதன். "அவருதான் முன்னாடியே பாத்துட்டாரே."

"எங்க பாத்தாரு? அவருக்குப் போனை எடுத்து அலோன்னு பேச மட்டும்தான் தெரியும். அவரா ஒரு முடிவு சொன்னாரு. கதவைத் தொறக்கறவ இவனப் பாத்து, 'உன் தங்கச்சி எப்படி இருக்கா'ன்னு கேப்பாளாம். அது சரியா தப்பான்னு பாக்கணும்னு சொல்லினே இருந்தாரு."

லோகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்ப ஏன் அண்ணி சாஞ்சு சாஞ்சு உக்காந்தாரு?"

"முன்னாடி குனிஞ்சா மூச்சு வாங்குது இல்ல? தைலேயே பாண்டியில டாக்டர் சொல்லிட்டாரு, இதயம் வீங்கிப் போயிருக்குது, எப்ப வேணா நிக்கலாம்னு. மாத்திரதான் போட்டுனு இருந்தாரு."

"படி ஏறி டீ கொண்டாந்தாரே…" என்றார் நசீர் பாய்.

"போவாதீங்கன்னு சண்ட போட்டேன். கேக்கல. அதான் பாதி பிளாஸ்க்கு மட்டும் ஊத்திக் குடுப்பேன், வெயிட்டு கம்மியா இருக்கட்டும்னு."

நசீர் பாய் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோகநாதன் கேட்டார்: "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நானும் சொன்னேன் தம்பி. வேணான்ட்டாரு. 'வீட்ல நீ என் மூஞ்சியவே பாத்துனு இருக்க. அளத்துலயும் பாக்கறாங்க. அவனுங்களுக்குத் தெரிஞ்சா அவனுங்களும் படத்தப் பாக்க மாட்டானுங்க, என்னையத்தான் பாப்பானுங்க. எனக்கு ரெண்டு மணி நேரமாவது இது தெரியாத ஆளுங்க நடுவுல உக்காரணும்'னாரு."

இந்தப் படங்களின் நுணுக்கத்தைப் பற்றிப் பல வருடங்களாகப் பேசி வந்தவர்கள் நாங்கள். ஒரு நாற்காலி சாய்வதையும், ஒரு காலடி நிற்பதையும் தவறவிட்டதில்லை. எல்லாவற்றையும் கவனித்தோம், குறித்துக்கொண்டோம், தீர்ப்பும் வழங்கினோம்.

"சனிக்கிழமை வாங்க அண்ணி" என்றார் லோகநாதன் கடைசியில். "போட்டுக் காட்டறோம்."

அதன்பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. தணிகாசலத்தின் மீதான குற்றச்சாட்டு தவறு என்று லோகநாதன் எழுந்து நின்று சொன்னார். தண்டனை ரத்து செய்யப்பட்டது. நாற்காலி முதல் வரிசைக்கு வந்தது. ரத்து செய்வதைத் தவிர வேறு என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியாததால் அதைச் சரியாகச் செய்தோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எதிரில் இருப்பவர் நாற்காலியில் சாய்ந்தால் இப்போதும் முதலில் என் கண் அவர் முதுகுக்குத்தான் போகிறது. அதிலிருந்து நானாக ஒன்றை ஊகித்துக்கொள்வதில்லை, "உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும், "நல்லாத்தான் இருக்குது, ஏன் கேக்கறீங்க?" என்று முறைக்கிறார்கள். வீட்டில் என் மனைவிக்கு இது எரிச்சலாக இருக்கிறது. நான் நிறுத்துவதாக இல்லை. எங்காவது படிக்கட்டில் காலடிச் சத்தம் பாதியில் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. சரோஜா அண்ணி வந்தார். படியில் எங்கும் நிற்கவில்லை. பிளாஸ்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அது நிறைய இருந்தது. முதல் வரிசையில் நடுவில் போட்டிருந்த பழுப்பு நாற்காலியைக் காட்டி, "இதுவா அவருது?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். நசீர் பாய் விளக்கை அணைத்தார். தாழ்ப்பாள் நகர்ந்த இடத்திலிருந்து படம் ஓடியது. லோகநாதன் வசனத்தைத் தமிழில் சொன்னார். கதவைத் திறந்தது யார் என்பதை எழுத வட்டத்தின் விதியில் இடமில்லை.

தணிகாசலம் சொன்ன முடிவு தவறு.